கயென்டாவில் ஒரு பில்லும் 25 நாற்காலிகளும்

2018 ஜூன் மாதம், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் எங்கள் ஊரான ஃபீனிக்ஸிலிருந்து மான்யுமென்ட் வேலி பார்க்கக் குடும்பத்தோடு கிளம்பினோம். ஃபிளாக்ஸ்டாஃப் தாண்டி, நவாஹோ என்ற பழங்குடி மக்களின் எல்லைக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்தில் போனில் மணி தானாக ஒரு மணி நேரம் முன்னால் போய்விட்டது. அரிசோனாவில் கோடைக்காலத்துக்கென்று கடிகாரத்தை மாற்றும் வழக்கம் கிடையாது, ஆனால் அரிசோனாவுக்குள்ளேயே இருக்கும் நவாஹோ தேசம் மாற்றுகிறது. மூன்று மாநிலங்களில் பரவிக் கிடக்கும் தங்கள் நிலம் முழுக்க ஒரே மணி இருக்க வேண்டும் என்று அவர்கள் எடுத்த முடிவு அது. பின் சீட்டிலிருந்த பையன் "இப்ப நாம வேற நாட்டுல இருக்கோமாப்பா?" என்று கேட்டான். எனக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கேள்விதான் என்னை அடுத்த சில வருஷங்களுக்கு இந்த விஷயத்தைப் படிக்க வைத்தது.

மதியம் கயென்டாவில் நிறுத்தினோம். பார்க்க அழகான ஊர் என்று சொல்ல மாட்டேன். 160, 163 என்ற இரண்டு நெடுஞ்சாலைகள் சேரும் இடத்தில் சில பெட்ரோல் பங்க், சில மோட்டல், ஒரு பள்ளி வளாகம், மற்றபடி செம்மண்ணும் காற்றும். சுமார் 5,000 பேர் வசிக்கிறார்கள். நவாஹோ மொழியில் ஊரின் பெயருக்கு 'விரல் விரலாகப் பிரிந்து ஓடும் தண்ணீர்' என்று பொருள். அங்கே ஒரு பர்கர் கிங் இருக்கிறது, உள்ளே போனால் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடிப் பெட்டிகள். இரண்டாம் உலகப் போரில் நவாஹோ மொழியைக் கொண்டே ரகசியக் குறியீடு அமைத்து, ஜப்பானியர்களால் கடைசி வரை உடைக்க முடியாதபடி செய்தி அனுப்பிய கோட் டாக்கர் வீரர்களின் பொருட்களும் படங்களும். அந்தக் கடையை நடத்தியவரின் அப்பாவும் அப்படி ஒரு வீரர்.

பிறகு தண்ணீர் பாட்டிலும் பழமும் வாங்க ஒரு கடைக்குப் போனேன். பில்லில் வரி என்று தனியாக ஒரு தொகை இருந்தது. பையனின் கேள்வி மனதில் இருந்ததால், இது அரிசோனாவுக்குப் போகிற வரியா, நவாஹோ அரசுக்குப் போகிற வரியா என்று கல்லாவில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். அவர் பில்லைத் திருப்பிப் பார்த்து, ஏதோ தெரிந்த விஷயத்தைச் சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல, "இந்த ஊருக்கு" என்றார். இந்த ஊருக்கு எதற்குத் தனி வரி என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. அந்த இரண்டு வார்த்தைக்குப் பின்னால் எவ்வளவு சண்டை இருந்தது என்பதும் அப்புறம்தான் தெரிந்தது.

ஊரை விட்டுக் கிளம்பும் முன் சாலையோரச் சந்தையில் ஒரு அம்மாவிடம் சாப்பிட்டோம். பிக்கப் வண்டியின் பின்கதவை இறக்கிவிட்டு, பக்கத்தில் கரி அடுப்பு வைத்து, ஆட்டுக்கறியைப் பெரிய துண்டாக வாட்டி, சூடான ரொட்டியில் வைத்து, சுட்ட பச்சை மிளகாய் ஒன்றை மேலே போட்டுத் தருவார். உப்பைத் தவிர மசாலா எதுவும் கிடையாது. கறியின் ஓரக் கொழுப்பு தீயில் கருகின வாசனைதான் மசாலா. ஐம்பது வயது இருக்கும். கடை வைக்கலாமே என்று, பேச்சுக்குத்தான், சொன்னேன். சிரிக்காமல், "பதினோரு வருஷமா அதுக்குத்தான் அலையுறேன்" என்றார். கையிலிருந்த இடுக்கியால் வடக்கே காட்டி, அந்த வேலிக்கு இந்தப் பக்கம் ஊராட்சி, எங்கள் இடம் அந்தப் பக்கம் என்றார். சாலையிலிருந்து பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே செம்மண்தான்.

வேலிக்கு அந்தப் பக்கம் என்ன பிரச்சினை? இதைச் சொல்ல நவாஹோ நிலம் எப்படி இயங்குகிறது என்று சொல்லியாக வேண்டும், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நவாஹோ தேசம் சுமார் 71,000 சதுர கிலோமீட்டர். அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா மூன்றிலும் கிடக்கிறது. அமெரிக்காவின் பத்து மாநிலங்களைத் தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொன்றையும்விடப் பெரியது. 2020 கணக்கெடுப்பில் அங்கே வசித்தவர்கள் 1,65,000 பேர். அவர்கள் தங்களை டினே என்று சொல்லிக்கொள்கிறார்கள், மக்கள் என்று அர்த்தம். 1864-ல் அமெரிக்க ராணுவம் அவர்களை நூற்றுக்கணக்கான மைல் நடக்க வைத்து நியூ மெக்சிகோவின் கிழக்கே பாஸ்க் ரெடொண்டோ என்ற இடத்தில் அடைத்து வைத்தது. பசியிலும் நோயிலும் ஆயிரக்கணக்கில் இறந்துபோனார்கள். 1868 ஜூன் 1-ம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தாகி மிச்சமிருந்தவர்கள் சொந்த மண்ணுக்குத் திரும்பினார்கள். அடித்து விரட்டப்பட்ட பழங்குடிகளில் சொந்த நிலத்துக்கே திரும்பிப் போக முடிந்தவர்கள் மிகச் சிலர், அவர்களில் இவர்களும் உண்டு.

திரும்பி வந்தார்கள், ஆனால் நிலம் அவர்கள் பெயரில் இல்லை. அமெரிக்க அரசு அதை அவர்களுக்காகப் 'பொறுப்பில்' வைத்திருக்கிறது என்பதுதான் சட்டம். யாருக்கும் பட்டா கிடையாது. வீடு கட்ட வேண்டுமானால் ஒரு ஏக்கருக்குக் குத்தகை வாங்க வேண்டும். கடை வைக்க வேண்டுமானால் அதற்கு வேறு குத்தகை. நிலத்தை அடமானம் வைக்க முடியாது, அதனால் வங்கிக் கடன் வாங்குவது பெரும்பாடு. மீதி நிலமெல்லாம் மேய்ச்சல் நிலம், அதற்குக் குடும்பம் குடும்பமாகப் பெர்மிட். அந்தப் பெர்மிட்டின் கதையும் வலிக்கிற கதைதான். 1930-களில் மண் அரிக்கிறது என்று சொல்லி மத்திய அரசு அவர்களின் ஆடுகளை லட்சக்கணக்கில் பிடித்துக் குறைத்தது, பல இடங்களில் கண்ணெதிரே சுட்டுக் கொன்றது. அதற்குப் பிறகு யார் எத்தனை ஆடு வைத்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்த காகிதம்தான் அந்தப் பெர்மிட். பாட்டி பெயரில் இருந்த காகிதம் இன்று பேரன் பேத்திகள் பலரிடம் பொதுவாகக் கிடக்கிறது. ஒருவர் ஆல்பகர்க்கியில் இருப்பார், ஒருவர் ஃபீனிக்ஸில் இருப்பார், ஒருவரோடு பேச்சுவார்த்தையே இருக்காது.

அந்தச் சந்தை அம்மாவுக்குத் தேவை அவர்கள் எல்லாருடைய கையெழுத்து. அப்புறம் சாப்டர் என்ற உள்ளூர் அமைப்பின் கூட்டத் தீர்மானம். அப்புறம் சர்வே. அப்புறம் தொல்பொருள் எதுவும் கீழே இல்லை என்று ஒரு சான்று, அரிய செடியோ பறவையோ இல்லை என்று இன்னொரு சான்று. கடைசியில் 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும் தலைநகர் விண்டோ ராக்கில் ஒப்புதல். ஒரு காலத்தில் அதற்கும் மேலே போய் மத்திய அரசின் பழங்குடி விவகார அலுவலகமும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. 2000-ல் அமெரிக்க காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டு, வணிகக் குத்தகையை நவாஹோ அரசே முடித்துக்கொள்ளலாம் என்று வழி விட்டது. ஒரு படி குறைந்தது, மற்ற படிகள் அப்படியே இருக்கின்றன. ஒவ்வொரு படியும் ஏதோ ஒரு நியாயமான காரணத்துக்காக வைத்ததுதான், அதையும் சொல்ல வேண்டும். முன்னோரின் புதைகுழி மேல் யாரும் கடை கட்டக் கூடாது என்பது நியாயம். பெர்மிட் வைத்திருக்கும் குடும்பத்தைக் கேட்காமல் நிலத்தைத் தூக்கிக் கொடுக்கக் கூடாது என்பதும் நியாயம். எல்லா நியாயமும் சேர்ந்து ஆட்டுக்கறிக் கடை ஒன்றைப் பதினோரு வருஷம் நிறுத்தி வைத்திருக்கிறது.

இதைப் படித்துக்கொண்டு போனபோது ஒரு விஷயம் என்னை உலுக்கியது. நவாஹோ மக்களின் தேசிய சபை எப்படித் தொடங்கியது தெரியுமா? 1920-களின் தொடக்கத்தில் அங்கே எண்ணெய் கிடைத்தது. கம்பெனிகளுக்குக் குத்தகை வேண்டும், குத்தகைக்குக் கையெழுத்து வேண்டும், டினே மக்கள் மொத்தத்துக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட ஒரு அமைப்பு அன்றைக்கு இல்லை. ஆகவே 1923-ல் ஒரு சபையை ஏற்படுத்தினார்கள். அதாவது கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதற்காக மேலிருந்து உருவாக்கிய சபை அது. அந்தச் சபையை மெல்ல மெல்லத் தங்கள் சொந்தச் சபையாக மாற்றிக்கொண்டது அந்த மக்களின் சாமர்த்தியம். ஆனால் உள்ளூருக்கான கையெழுத்து ரொம்ப காலம் உள்ளூருக்கு வரவே இல்லை.

கயென்டா இங்கேதான் முக்கியமாகிறது. 1985-ல் நவாஹோ சபை ஒரு சோதனை முயற்சியாகக் கயென்டாவில் 3,606 ஏக்கர் நிலத்தை மேய்ச்சலிலிருந்து பிரித்தெடுத்து, அதை ஒரு டவுன்ஷிப்பாக, அதாவது அந்த அம்மா சொன்ன ஊராட்சியாக, அறிவித்தது. முழு நவாஹோ தேசத்திலும் அப்படி வேறு ஊர் கிடையாது. சுமார் பத்து வருஷம் அது பெரும்பாலும் காகிதத்தில்தான் இருந்தது. 1996-ல் ஐந்து பேர் கொண்ட கமிஷனை ஊர் மக்களே தேர்ந்தெடுத்தார்கள். 1997-ல் அந்தக் கமிஷன் ஊருக்குள் நடக்கும் சில்லறை விற்பனை மீது 2.5 சதவீத வரி போட்டது. நான் கொடுத்த அந்தச் சில்லறை அந்தக் கணக்கில் வந்ததுதான்.

2.5 சதவீதம் என்றால் சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் அதுவரை அந்த ஊருக்கென்று வருமானம் என்ற ஒன்றே இல்லை என்பதை நினைத்துப் பாருங்கள். மான்யுமென்ட் வேலி பார்க்க வருஷம் முழுக்க உலகம் முழுவதிலும் இருந்து ஆட்கள் அந்த வழியாகப் போகிறார்கள். பெட்ரோல் போடுகிறார்கள், சாப்பிடுகிறார்கள், தூங்குகிறார்கள், அவர்கள் விட்டுப் போகும் குப்பையை அள்ள ஊரிடம் காசு இல்லை. வரிப் பணம் வந்ததும் ஊர் சம்பளம் கொடுத்து ஒரு மேலாளரை வைத்துக்கொண்டது, குப்பையைச் சேர்த்து வெளியேற்ற ஒரு நிலையம் வைத்தது, கட்டடம் கட்டுவதற்கு விதிமுறை எழுதியது. எல்லாவற்றையும்விட முக்கியம், அந்தக் கோட்டுக்குள் கடை வைக்க நிலம் கேட்கிறவர் ஊருக்குள்ளேயே ஒரு மேசைக்குப் போய்க் கேட்கலாம் என்ற நிலைமை வந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் நாளைக்குக் கடைத்தெருவில் முகத்தைப் பார்த்தாக வேண்டிய மனிதர். ஹார்வர்ட் பல்கலைக்கழகம் பழங்குடி ஆட்சி முறைகளில் நல்லவற்றுக்குத் தரும் விருதைக் கயென்டாவுக்கும் தந்தது.

எல்லாரும் கை தட்டி வரவேற்றார்கள் என்று இல்லை. மேய்ச்சல் நிலத்தை இழந்த குடும்பங்களுக்கு அது இன்னொரு பறிப்பு. அதே ஊரில் ஏற்கெனவே சாப்டர் என்ற பழைய உள்ளூர் அமைப்பு இருக்க, புதிதாகக் கமிஷன் எதற்கு என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள், இன்றும் கேட்கிறார்கள். எனக்குப் படுவது, அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு விண்டோ ராக் வரை போக வேண்டியதில்லை என்பதே ஒரு லாபம்.

இனி நிலக்கரிக் கதை. இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் கை நடுங்குகிறது, ஏனென்றால் இதில் நானும் இருக்கிறேன். கயென்டாவுக்குத் தென்மேற்கே பிளாக் மேசா என்ற மேட்டு நிலத்தில் 1970-களில் இருந்து 2019 வரை கயென்டா சுரங்கம் நடந்தது. அங்கே வெட்டிய நிலக்கரி தனி ரயிலில் பேஜ் என்ற ஊருக்கு அருகே இருந்த 2,250 மெகாவாட் மின் நிலையத்துக்குப் போனது. அந்த மின்சாரத்தின் ஒரு பெரிய வேலை என்ன தெரியுமா? கொலராடோ நதித் தண்ணீரை மேடேற்றி, 336 மைல் நீளக் கால்வாய் வழியாக ஃபீனிக்ஸுக்கும் டூசானுக்கும் கொண்டுவருவது. பன்னிரண்டு வருஷமாக என் வீட்டுக் குழாயில் தண்ணீர் வந்தது அப்படித்தான். அதே காலத்தில் நவாஹோ நிலத்தில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளில் மின்சாரம் இல்லை, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வீடுகளில் குழாய்த் தண்ணீர் இல்லை. பிக்கப் வண்டியில் தொட்டியை ஏற்றி, மைல் கணக்கில் ஓட்டிப் போய்த் தண்ணீர் பிடித்து வருகிறார்கள். 2020-ல் கொரோனா வந்தபோது, கையைக் கழுவுங்கள் கையைக் கழுவுங்கள் என்று உலகமே சொல்லிக்கொண்டிருந்த மே மாதத்தில், ஆள் கணக்குக்குப் பார்த்தால் நியூயார்க்கைவிட அதிகமாக நோய் பரவிய இடம் நவாஹோ தேசம்.

2019 நவம்பரில் அந்த மின் நிலையம் மூடியது, சுரங்கம் அதற்குச் சில மாதம் முன்பே நின்றுவிட்டது. நல்ல சம்பளத்தில் இருந்த நூற்றுக்கணக்கான நவாஹோ தொழிலாளர் குடும்பங்கள் ஒரே வருஷத்தில் தத்தளித்தன. சுரங்கத்தை எதிர்த்துப் பல வருஷம் போராடியவர்களும் அதே குடும்பங்களில் இருந்தார்கள், தண்ணீருக்காக. ஒரே சாப்பாட்டு மேசையில் இரண்டு பேரும் உட்கார்ந்திருப்பார்கள். வெளியே இருந்து வந்த கையெழுத்தால் தொடங்கிய வேலை, வெளியே எடுத்த முடிவாலேயே நின்றது. மின்சாரத்தை வாங்கிக்கொண்டிருந்த நிறுவனங்களுக்கு இயற்கை எரிவாயு மலிவாகிவிட்டது, அவ்வளவுதான் காரணம்.

கயென்டா பக்கத்திலேயே இன்னொன்றும் நடந்தது. நவாஹோ அரசின் சொந்த மின் நிறுவனம் 2017-ல் அங்கே 27.3 மெகாவாட் சூரிய மின் நிலையம் ஒன்றைத் தொடங்கியது, 2019-ல் இன்னொரு பகுதியைச் சேர்த்து மொத்தம் 55 மெகாவாட். பெரிய மின் நிலையத்தில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை, நிரந்தர வேலையும் கொஞ்சம்தான். சுரங்கம் கொடுத்த சம்பளத்துக்கு இது மாற்று என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் அந்தப் பலகைகளின் சொந்தக்காரர் யார் என்று பாருங்கள். இந்தத் தடவை சொந்தக்காரர் அவர்களே.

நியூ மெக்சிகோவில் ரேமா என்று ஒரு சின்ன நவாஹோ சமூகம் இருக்கிறது, முக்கிய நிலப்பரப்பிலிருந்து பிரிந்து தெற்கே தனியாக. அவர்களைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க எனக்கு மனசு வரவில்லை. 1868 ஒப்பந்தத்தில் முப்பது குழந்தைகளுக்கு ஒரு ஆசிரியர் தருவோம் என்று அமெரிக்க அரசு எழுதிக் கொடுத்திருந்தது. சரியாக நூறு வருஷம் கழித்து, 1968-ல், ரேமா பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்த ஒரே உயர்நிலைப் பள்ளியை மாநிலம் மூடிவிட்டது. ஒன்று படிப்பை விட வேண்டும், இல்லை தூரத்தில் இருக்கும் அரசு விடுதிப் பள்ளிக்குப் போக வேண்டும். அந்த விடுதிப் பள்ளிகளில் தாய்மொழி பேசினால் அடி விழுந்த காலத்தை மறக்காத பெற்றோர்கள் அவர்கள். 1970-ல் ரேமா சாப்டர் தானே ஒரு பள்ளி வாரியத்தைத் தேர்ந்தெடுத்து, பூட்டிக் கிடந்த அதே பழைய கட்டடத்தில் பள்ளியைத் தொடங்கியது. பழங்குடி மக்கள் தாங்களே நடத்திய உயர்நிலைப் பள்ளி என்று இந்தக் காலத்தில் அமெரிக்காவில் வந்தது அதுதான் முதல். பிறகு பைன் ஹில்லில் புதுக் கட்டடம். கட்டின ஒப்பந்தக்காரர்களிடம் நியூ மெக்சிகோ மாநிலம் வரி கேட்டது, அந்தப் பாரம் கடைசியில் பள்ளி வாரியத்தின் தலையில் விழுந்தது. ஒரு கிராமத்துப் பள்ளி வாரியம் அதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை கொண்டு போய் 1982-ல் ஜெயித்தது. பிள்ளைகளுக்கு ஒரு பள்ளியும் தராத மாநிலம், அவர்களே கட்டும் பள்ளிக்கு வரி கேட்க முடியாது என்பதுதான் வாதத்தின் சாரம்.

இன்னொரு வழக்கு இதைவிடப் பெரியது, ஆனால் கேட்டால் சலிப்பாக இருக்கும், அதனாலேயே யாரும் எழுதுவதில்லை. 1975-ல் வந்த சட்டப்படி, பழங்குடிகளுக்கு மத்திய அரசு செய்ய வேண்டிய சேவைகளை அவர்களே ஒப்பந்தம் போட்டு எடுத்து நடத்தலாம், அதற்கான பணத்தை அரசு தரும். ரேமா அப்படி எடுத்து நடத்தியது. சேவைக்கான பணம் வந்தது, ஆனால் அதை நடத்த ஆகும் நிர்வாகச் செலவு, அதாவது தணிக்கை, காப்பீடு, கணக்கர் சம்பளம், அது முழுதாக வரவில்லை. வழக்கில் பேசப்பட்ட 1994 முதல் 2001 வரையான வருஷங்களில் 77 முதல் 92 சதவீதம்தான் வந்தது. மிச்சத்துக்கு, காங்கிரஸ் ஒதுக்கியது அவ்வளவுதான் என்று கை விரித்தார்கள். ரேமா சாப்டர் 1990-லேயே போட்ட வழக்கு நீண்டுகொண்டே போய், பின்னால் வந்த இந்த வருஷங்களும் அதில் சேர்ந்தன. 2012 ஜூன் 18-ம் தேதி உச்ச நீதிமன்றம் 5-4 என்று ரேமா பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஒப்பந்தம் போட்டால் பேசின காசைக் கொடுக்க வேண்டும், மற்றவர்களுக்குக் கொடுத்ததில் தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ரேமா தனக்காக மட்டும் வழக்கு நடத்தவில்லை, நாடு முழுக்க நூற்றுக்கணக்கான பழங்குடி அமைப்புகளுக்காகவும் சேர்த்து நடத்தியது. 2016-ல் ஒப்புதலான இழப்பீடு 94 கோடி டாலர்.

இதை நான் விலாவாரியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சுயாட்சி என்றதும் நமக்குக் கொடி, பாட்டு, சபை எல்லாம் நினைவுக்கு வரும். ஒரு கணக்கருக்குச் சம்பளம் கொடுக்க முடியாத சுயாட்சி இரண்டு வருஷத்தில் தணிக்கையில் மாட்டி, அதிகாரம் மறுபடி மேலே போய்விடும். ரேமா மக்களுக்கு அது அனுபவத்தில் தெரிந்திருந்தது.

நவாஹோ தேசத்தில் இன்று 110 சாப்டர்கள். 1927-ல் ஒரு அமெரிக்க அதிகாரி விவசாயம் பற்றிப் பேச மக்களைக் கூட்டுவதற்காகத் தொடங்கி வைத்த அமைப்பு, டினே மக்களுக்கு ஏற்கெனவே பழக்கமான கூடிப் பேசும் வழக்கத்தோடு பொருந்திப்போய், பரவிவிட்டது. 1998-ல் உள்ளாட்சிச் சட்டம் வந்தது. கணக்கு, கொள்முதல், சொத்து, ஊழியர், ஆவணம் என்ற ஐந்தையும் ஒழுங்காக நடத்த முடியும் என்று ஒரு சாப்டர் காட்டிவிட்டால் அதற்குக் கூடுதல் அதிகாரம் கிடைக்கும், நிலப் பயன்பாட்டுத் திட்டம் போட்டு ஒப்புதல் வாங்கினால் குத்தகை கொடுக்கும் அதிகாரம் வரை போகலாம். கயென்டாவுக்கு மேற்கே இருக்கும் ஷோன்டோதான் முதலில் அந்தச் சான்று பெற்றது. இருபது வருஷம் ஆன பிறகும் சான்று பெற்ற சாப்டர்கள் பாதியைத் தாண்டவில்லை. சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். பல சாப்டர்களில் முழுநேர ஊழியர் இரண்டே பேர். விறகு கொடுப்பது, ரோட்டைச் சீர் செய்ய ஆள் பிடிப்பது, மாணவர் உதவித்தொகை எல்லாம் அந்த இரண்டு பேர் தலையில். 2014-ல் நவாஹோ சபை நொறுக்குத் தீனிக்கும் சர்க்கரைப் பானத்துக்கும் 2 சதவீதம் கூடுதல் வரி போட்டு, அந்தப் பணம் சாப்டர்களின் நலத் திட்டங்களுக்குப் போகும்படி செய்தது. அமெரிக்காவிலேயே அப்படி ஒரு வரி அதுதான் முதல். பழம் காய்கறிக்கு வரியை நீக்கவும் செய்தார்கள். இதெல்லாம் சின்னச் சின்னத் தொகை, ஆனால் காய்கறித் தோட்டமோ நடைபாதையோ எங்கே வேண்டும் என்பதை ஊர் பேசி முடிவு செய்கிறது.

2023 செப்டம்பரில் மறுபடி கயென்டா போனேன், இந்த முறை தனியாக. அந்த அம்மா அதே சந்தையில் இருந்தார். பிக்கப் மட்டும் புதுசு. என்னை ஞாபகம் இல்லை, பையனை ஞாபகம் இருந்தது, இரண்டு ரொட்டி சாப்பிட்டவன்தானே என்றார். கடை என்ன ஆச்சு என்று கேட்டேன். உறவினர்களில் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி இருந்தது, அதுவும் போன மாதம் வந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை சாப்டர் கூட்டத்தில் எங்கள் விஷயம் வருகிறது, வேண்டுமானால் பின்னால் உட்கார்ந்து பாருங்கள் என்றார்.

போனேன். ஊராட்சி எல்லைக்கு வெளியே, மண் ரோட்டில் இருபது நிமிஷம். ஒற்றை அறைக் கட்டடம், வாசலில் இரண்டு கொடி, உள்ளே மடக்கு நாற்காலிகள், ஓரத்தில் ஒரு பெரிய காபிப் பாத்திரமும் அடுப்பில் ஆட்டுக்கறிக் குழம்பும். கூட்டம் பத்து மணிக்கு. பத்தே முக்காலுக்கும் தொடங்கவில்லை, ஏனென்றால் பதிவு செய்த வாக்காளர்கள் 25 பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும், அப்போது இருந்தவர்கள் 23. செயலாளர் ஒவ்வொரு தடவையும் கதவு திறக்கும்போது நிமிர்ந்து பார்ப்பார். நான் உள்ளே வந்தபோதும் ஆவலாக நிமிர்ந்தார், பாவம், நான் கணக்கில் சேர மாட்டேன். வயதானவர்கள் தொப்பியை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு அவசரமில்லாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் எழுந்து போன் எடுத்து யாரையோ கூப்பிட்டார். பதினொன்றரைக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டிய வண்டியில் ஒரு தம்பதி வந்தார்கள், தண்ணீர் பிடிக்கும் இடத்தில் வரிசை நீளம் என்று சொல்லிக்கொண்டே. 25.

கூட்டம் முழுக்க நவாஹோ மொழியில் நடந்தது. நடுநடுவே 'சர்வே', 'லீஸ்', 'பட்ஜெட்' என்ற வார்த்தைகள் மட்டும் எனக்குப் பிடிபட்டன. பக்கத்தில் இருந்த பெரியவர் அவ்வப்போது குனிந்து ஒரு வரி இங்கிலீஷில் சொல்வார். அந்த அம்மாவின் தீர்மானம் ஏழாவதாக வந்தது. அவர் எழுந்து நின்று, முதலில் தன் தாய்வழிக் குலம், அப்புறம் தந்தைவழிக் குலம், அப்புறம் தாத்தாக்களின் குலங்கள் என்று சொல்லித் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். அந்த அறையில் அவரைத் தெரியாதவர் என்னைத் தவிர யாரும் இல்லை, இருந்தாலும் சொன்னார். பிறகு ஒரு அட்டையை விரித்தார், அதில் கையால் வரைந்த ஒரு கட்டடம், கதவு கிழக்கே பார்த்து. ஒரு கிழவர் எழுந்து நீளமாகப் பேசினார். எதிர்க்கிறாரோ என்று எனக்குப் பதற்றம். குப்பையை எங்கே போடுவாய், அந்தப் பக்கம் ஓடைக்குப் போகிற ஆடுகள் எந்த வழியாகப் போகும் என்று கேட்கிறார் என்றார் பக்கத்துப் பெரியவர். அந்த அம்மா அட்டையில் பேனாவால் ஒரு கோடு போட்டுக் காட்டினார், ஆட்டுப் பாதை. கிழவர் அருகில் போய்ப் பார்த்து, பேனாவை வாங்கி, கோட்டைக் கொஞ்சம் தள்ளிப் போட்டார்.

கை தூக்கி எண்ணினார்கள். ஆதரவு 24, எதிர்ப்பு 0, நடுநிலை 3. இடையில் இன்னும் சிலர் வந்து சேர்ந்திருந்தார்கள். தீர்மானத்தின் கீழே தலைவர் கையெழுத்துப் போட்டு, செயலாளரிடம் தள்ளினார். அந்தக் காகிதம் இனி விண்டோ ராக் போக வேண்டும். சர்வே பாக்கி, தொல்பொருள் சான்று பாக்கி. யாரும் கை தட்டவில்லை. எட்டாவது விஷயம், குளிர்காலத்துக்கு முதியவர்களுக்கு விறகு, என்று செயலாளர் படிக்க ஆரம்பித்தார். அந்த அம்மா அட்டையைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டுவிட்டு, குழம்புப் பாத்திரத்தின் மூடியைத் திறந்து கிண்ணங்களை எடுத்து வைக்கத் தொடங்கினார்.